ஓனருக்கு என்னைப் பிடிக்க வேண்டியதில்லை, வீடு கிடைத்தால் போதும்

கோயம்புத்தூரிலிருந்து டோக்கியோவுக்கு வேலைக்கு வரப்போகிற ஒரு பெண் போன மாதம் என்னிடம் வீடு பற்றிக் கேட்டாள். "அக்கா, உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல ஹவுஸ் ஓனர் யாராவது இருந்தா சொல்லுங்க, வெளிநாட்டுக்காரங்கன்னா தயங்காத ஆளா இருந்தா போதும்" என்றாள். நல்ல ஓனரைத் தேடாதே, ஓனரின் மனசு எப்படி இருந்தாலும் கிடைக்கிற வீட்டைத் தேடு என்று சொன்னேன். அவளுக்கு அது சரியாகப் படவில்லை. இங்கே மனிதர்கள் நல்லவர்கள் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள், நேரில் பார்த்துப் பேசினால் புரிந்துகொள்ள மாட்டார்களா என்று கேட்டாள். நல்லவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அவர்களுடைய நல்ல மனசைப் பற்றி அல்ல. போனில் அதை முழுதாகச் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் வந்தது 2018 பிப்ரவரியில். இங்கே பள்ளி, கல்லூரி, அலுவலகம் எல்லாமே ஏப்ரலில் தொடங்கும் என்பதால் ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஊரே வீடு மாறிக்கொண்டிருக்கும், காலையில் பார்த்த வீடு மாலையில் இருக்காது. நிறுவனம் ஒரு மாதத்துக்குத் தற்காலிக அறை ஒன்றைக் கொடுத்திருந்தது. அதற்குள் நானே வீடு பார்த்துக்கொள்ள வேண்டும். தினமும் இரவு அம்மா திருச்சியிலிருந்து கூப்பிட்டு "வீடு அமைஞ்சுதாம்மா?" என்று கேட்பார், பார்த்துக்கிட்டே இருக்கேன் என்பேன்.

கண்ணெதிரே நடக்கும் தொலைபேசிப் பேச்சு

ஸ்டேஷனை ஒட்டி வீட்டு ஏஜெண்ட் கடைகள் வரிசையாக இருக்கும், கண்ணாடி முழுக்க வீடுகளின் வரைபடத்தை ஒட்டி வைத்திருப்பார்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் டீ கொடுத்து, என்ன விசா, எத்தனை வருடம், எந்த நிறுவனம், ஜப்பானில் அவசரத்துக்குக் கூப்பிட யார் இருக்கிறார்கள் என்று வரிசையாகக் கேட்பார்கள். அப்புறம் நமக்குப் பிடித்த வீட்டின் தாளை எடுத்துக்கொண்டு, நம் எதிரிலேயே, ஓனருக்கோ அவருடைய நிர்வாக நிறுவனத்துக்கோ போன் போடுவார்கள். நான் ஊரிலேயே ஜப்பானிய மொழி படித்துவிட்டு வந்ததால் அந்தப் பேச்சு முழுக்க எனக்குப் புரிந்தது. வெளிநாட்டவர்தான், ஆனால் மொழி தெரியும், நிரந்தர வேலை, அமைதியானவர், பெண் என்று அந்த இளைஞர் எனக்காக அடுக்கிக்கொண்டே போவார். எதிர்முனையில் ஏதோ சொல்வார்கள், இவர் குரல் இறங்கும், அப்படியா, புரிகிறது, தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று சொல்லி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பித் தலை குனிவார். அடுத்த தாள். மறுபடி போன். அந்த மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து, எனக்காக ஒருவர் கெஞ்சுவதைக் கேட்டுக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல் இருக்க வேண்டியிருந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இது என் ஒருத்தியின் கதை அல்ல. ஜப்பான் நீதித்துறை அமைச்சகம் வெளிநாட்டவரிடம் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பின் முடிவு 2017-ல் வெளியானது. முந்தைய 5 வருடங்களில் வீடு தேடியவர்களில் 39.3 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதற்காகவே வீடு மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள், ஜப்பானியர் ஒருவர் ஜாமீன் நிற்காததால் மறுக்கப்பட்டவர்கள் 41.2 சதவீதம். வெளிநாட்டவருக்கு வாடகைக்கு இல்லை என்று போட்டிருந்ததைப் பார்த்து அந்த வீட்டை விட்டுவிட்டேன் என்று சொன்னவர்கள் 26.8 சதவீதம். அந்த எண்களைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இல்லை, அந்த மேஜைக்கு எதிரில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மறுத்தவர்கள் யாரும் என்னை வெறுத்து மறுக்கவில்லை. சிறிய கட்டடங்களின் ஓனர்கள் பலர் வயதானவர்கள், இருந்த நிலத்தில் கடன் வாங்கி ஒரு மாடிக் கட்டடம் கட்டி, கீழே தாங்கள் இருந்துகொண்டு மேலே வாடகைக்கு விடுகிறவர்கள். அந்த வாடகைதான் அவர்களுக்குப் பென்ஷன் மாதிரி. குடியிருப்பவர் வாடகை பாக்கியோடு நாட்டை விட்டே போய்விட்டால் யாரைப் போய்க் கேட்பது, குப்பையைப் பிரித்துப் போடத் தெரியுமா, தாளிக்கிற வாசனை சுவரில் ஏறினால் அடுத்து யார் வருவார்கள் என்று அவர்களுக்கு ஆயிரம் கவலை. அந்தக் கவலைகளை நான் மதிக்கிறேன். ஆனால் அத்தனைக்குமான பதிலை நான் எங்கே போய்ச் சொல்வது? என்னைப் பார்க்காத ஒருவர், இன்னொருவர் வாயால் என்னைப் பற்றி அரை நிமிடம் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொன்னால், அந்த முடிவில் நான் எங்குமே இல்லை.

யார் ஜாமீன் நிற்பார்கள்

இந்தப் பயத்துக்கெல்லாம் இங்கே காலங்காலமாக இருந்த மருந்து ஜாமீன் கையெழுத்து. வாடகை ஒப்பந்தத்தில் நம்மோடு சேர்ந்து இன்னொருவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டும். நாம் கட்டாத ஒவ்வொரு யென்னுக்கும் அவர் பொறுப்பு, ஓனர் நம்மைக் கேட்காமல் நேரே அவரையே கேட்கலாம். அப்போது அதற்கு உச்சவரம்புகூட எழுத வேண்டியதில்லை. 2020 ஏப்ரலில் சிவில் சட்டம் மாறிய பிறகுதான், தனிநபர் ஜாமீன் நின்றால் அதிகபட்சம் எவ்வளவு தொகைக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் அது செல்லாது என்று ஆனது. இங்கே பிறந்தவர்களுக்கு அப்பா போடுவார், இல்லாவிட்டால் அண்ணன் போடுவார். பிப்ரவரியில் விமானத்திலிருந்து இறங்கிய எனக்கு யார் போடுவார்கள்?

அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் மிகவும் அன்பானவர். முதல் வாரத்திலேயே ரயில் அட்டை வாங்கிக் கொடுத்தார், வார்டு அலுவலகத்துக்குக் கூடவே வந்து முகவரி பதிந்து கொடுத்தார். உங்கள் மேலதிகாரியிடமோ நண்பரிடமோ கேட்டுப் பாருங்களேன் என்று ஏஜெண்ட் சொன்னபோது எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஒரு மதிய உணவுக்குப் பிறகு கேட்டேன். அவர் உடனே இல்லை என்று சொல்லவில்லை. வீட்டில் மனைவியிடம் பேசிவிட்டு வருகிறேன் என்றார். மறுநாள் காலையில் என் மேஜைக்கு வந்து நின்றபடியே, அவருடைய அப்பா யாருக்கோ ஜாமீன் நின்று வீட்டை இழந்த கதையைச் சொன்னார், அதற்குப் பிறகு அவர்கள் குடும்பத்தில் யாரும் எதற்கும் கையெழுத்துப் போடுவதில்லையாம். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. நான் பரவாயில்லை, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த நல்ல மனிதரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது எது என்பதுதான் என்னை விடாமல் தொந்தரவு செய்தது. அவர் போட்டிருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? ஒவ்வொரு மாதமும் வாடகை கட்டும்போதும், பக்கத்து வீட்டுக்காரர் முறைக்கும்போதும், வேலையை மாற்றலாமா என்று யோசிக்கும்போதும், அவர் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்ற பயத்தோடுதான் நான் அந்த வீட்டில் இருந்திருப்பேன். நல்ல மனசால் கிடைக்கிற வீட்டில் வாடகையோடு சேர்த்து நன்றியையும் மாதாமாதம் கட்ட வேண்டும்.

ஆளுக்குப் பதிலாகப் பணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்கும் நிறுவனங்களும் உண்டு. பெரும்பாலும் அரை மாத வாடகையிலிருந்து ஒரு மாத வாடகை வரை முதலில் கட்ட வேண்டும், பிறகு வருடா வருடம் 10,000 யென் போல. இது தேவலாம் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். ஆனால் நிறுவனம் ஒப்புக்கொண்டாலும் ஓனர் மறுக்கலாம், அதோடு அவசரத் தொடர்புக்கு ஜப்பானியர் பெயர் ஒன்று வேண்டும் என்று அவர்களும் கேட்டார்கள். 75,000 யென் வாடகை வீடு ஒன்றுக்கு ஏஜெண்ட் போட்டுக் கொடுத்த கணக்கு என்னிடம் இன்னும் இருக்கிறது. நம்மூர் அட்வான்ஸ் போன்ற ஷிகிகின் ஒரு மாதம். ஓனருக்கே போய்விடும், திரும்பி வராத ரெய்கின் ஒரு மாதம். ஏஜெண்டுக்கு ஒரு மாதமும் வரியும். ஜாமீன் நிறுவனத்துக்கு அரை மாதம், முன்கூட்டி ஒரு மாத வாடகை, தீ விபத்துக் காப்பீடு, பூட்டு மாற்றும் செலவு. எல்லாம் சேர்த்து 3,80,000 யென் பக்கம் வந்தது. முதல் சம்பளமே கைக்கு வரவில்லை. அத்தனையும் புரட்டினாலும் கடைசியில் அந்தப் போன் ஒன்று இருக்கிறது.

அந்தப் போன் வரவேயில்லை

டோக்கியோவில் இந்தியர்கள் நிறைய இருக்கும் நிஷிகசாய் பக்கம் நெடுங்காலமாக இருக்கும் ஒரு அண்ணன், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நான் புலம்பியதை முழுக்கக் கேட்டுவிட்டு, "யூஆர்ல பாத்தியாம்மா?" என்றார். யூஆர் என்பது அரசு சார்ந்த வீட்டு நிறுவனம். போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில் 1955-ல் தொடங்கிய ஜப்பான் வீட்டுக் கழகத்தின் வாரிசு, 2004-ல் இந்தப் பெயருக்கு வந்தது. நகரங்களின் ஓரத்தில் எண் போட்ட கட்டடங்கள் வரிசையாக நிற்குமே, அதில் பலவும் அவர்களுடையது. ரெய்கின் கிடையாது, ஏஜெண்ட் கமிஷன் கிடையாது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கக் கட்டணம் கிடையாது, ஜாமீன் கிடையாது. 2 மாத வாடகையை அட்வான்ஸாகக் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அவர்கள் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண்மணி வெளிநாட்டவர் இங்கே தங்குவதற்கான என் அட்டையை வாங்கிப் பார்த்து நகல் எடுத்துக்கொண்டார். நிறுவனம் கொடுத்த சம்பளச் சான்றிதழைக் கேட்டார். தனி ஆளாக இருந்து 62,500 யென்னுக்கு மேல் 2 லட்சத்துக்குள் வாடகை என்றால் மாதச் சம்பளம் 2,50,000 யென் இருக்க வேண்டும் என்று அச்சடித்த அட்டவணையில் விரல் வைத்துக் காட்டினார். எனக்கு அதற்குச் சற்று மேலே இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு, காலியாக இருக்கும் வீடுகளின் பட்டியலை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் ஒன்றைக் காட்டினேன். அவர் ஏதோ தட்டச்சு செய்தார். நான் அவருடைய மேஜையிலிருந்த தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது எடுப்பார், இப்போது எடுப்பார் என்று. அவர் எடுக்கவில்லை. யாரைக் கேட்க வேண்டும்? கேட்பதற்கு அங்கே யாருமே இல்லை. ஒரு வரைபடத்தையும் சீட்டையும் கொடுத்து, குடியிருப்பின் நிர்வாக அலுவலகத்தில் இதைக் காட்டினால் சாவி தருவார்கள், நீங்களே போய்ப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

நீங்களே போய்ப் பாருங்கள். அந்த வார்த்தையைக் கேட்டபோது என் தொண்டை அடைத்தது. அதுவரை பார்த்த வீடுகளில் எல்லாம் ஏஜெண்ட் கூடவே வருவார், கதவைத் திறந்து செருப்பை எடுத்து வைப்பார், எனக்கு அந்த வீட்டைப் பிடித்திருக்கிறதா என்பதைவிட, என்னைப் பார்த்தால் நல்ல வாடகைக்காரியாகத் தெரிகிறதா என்ற நினைப்புதான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அன்று பஸ் பிடித்துப் போய், சாவியை வாங்கி, நானே திறந்து, காலி வீட்டுக்குள் தனியாக நடந்தேன். அலமாரியைத் திறந்து பார்த்தேன், குழாயைத் திருகிப் பார்த்தேன், பால்கனியில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று நிதானமாகப் பார்த்தேன். 1981 ஜூனுக்கு முன் கட்டியதா, பின் கட்டியதா என்று அலுவலகத்தில் கேட்டுக்கொண்டேன், நிலநடுக்க விதிகள் அப்போதுதான் கடுமையாயின, இங்கே வீடு பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி அது. வந்த நாளிலிருந்து முதல்முறையாக நான் வீட்டைச் சோதித்தேன், வீடு என்னைச் சோதிக்கவில்லை.

முதலில் வருகிறவருக்கு முதலில் என்பது அவர்கள் விதி. அன்றே பெயர் கொடுத்துவிட்டேன்.

குடி போன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கே வாடகை வீட்டின் கூரையில் விளக்கு இருக்காது, மாட்டும் கொக்கி மட்டும்தான் இருக்கும். அடுப்பு இருக்காது, பல வீடுகளில் ஏசி இருக்காது, திரைச்சீலைக் கம்பி இருக்கும், திரை இருக்காது. காஸ் கம்பெனி ஆள் வந்து நம் முன்னால்தான் திறந்துவிடுவார், அதற்கு முன்பே நேரம் சொல்லி வைக்க வேண்டும். அடுப்பு வாங்கும்போது குழாய் காஸா, சிலிண்டர் காஸா என்று கேட்டு அதற்கேற்றதை வாங்க வேண்டும், ஒன்று மற்றொன்றுக்கு ஆகாது. புதிதாக வருகிறவர்கள் கூரை விளக்கு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு குடி போங்கள்.

பக்கத்து வீட்டு அம்மா

குடி போனதும் இரண்டு பக்கமும் மேலும் கீழும் ஒரு சின்னப் பொட்டலத்தோடு போய் வணக்கம் சொல்வது இங்கே வழக்கம். பக்கத்து வீட்டில் தனியாக இருந்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா. குப்பை அட்டவணையில் எனக்குப் புரியாததைச் சொல்லிக் கொடுத்தார், போகப் போக மாலையில் அவர் வீட்டில் டீ குடிக்கிற அளவுக்கு ஆனது. ஒரு நாள் நான் ஏஜெண்ட் கடைக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டுவிட்டு, எனக்கும் அதேதான் நடந்தது என்றார். எனக்குப் புரியவில்லை. இந்த ஊரிலேயே பிறந்தவர், இதே மொழி பேசுகிறவர். கணவர் இறந்த பிறகு பழைய வீட்டை விட்டு இன்னும் சிறிய வீடு ஒன்றைத் தேடினாராம். ஏஜெண்ட் அவர் எதிரிலேயே போன் போட்டு, எழுபது வயது, தனி ஆள், ஆனால் ஆரோக்கியமாக இருக்கிறார் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம். தனியாக இருக்கும் முதியவர் வீட்டுக்குள்ளேயே இறந்து, பல நாள் கழித்துத் தெரியவந்தால் அந்த வீடு அப்புறம் போகாது என்று ஓனர்கள் பயப்படுகிறார்கள். கடைசியில் அவரும் என்னைப் போலவே இங்கே வந்தார்.

அன்றைக்குத்தான் எனக்குள் ஒன்று தெளிந்தது. நான் அதுவரை இதை என் நிறம், என் நாடு என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் உண்டுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவருக்கு வீடு கிடைப்பது இன்னொருவருக்குத் தோன்றும் நம்பிக்கையைப் பொறுத்தது என்று வைத்துவிட்டால், அந்த நம்பிக்கை யாருக்குக் குறைவாக இருக்கிறதோ அவர்கள் எல்லோரும் வரிசையாக வெளியே நிற்பார்கள். இங்கே அது நானும் பக்கத்து வீட்டு அம்மாவும். சென்னையில் அது தனியாக இருக்கும் பையன்கள், பெயரைச் சொன்னதும் வீடு இப்போதுதான் போய்விட்டது என்ற பதிலைக் கேட்கும் முஸ்லிம் குடும்பங்கள், என்ன ஆளுங்க என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குகிறவர்கள். தாம்பரத்தில் நான் படித்த காலத்தில் அப்பாவின் நண்பர் ஒரு வார்த்தை சொன்னார், ஒரே நாளில் வீடு கிடைத்தது. அந்த வார்த்தை இல்லாதவர்கள் எங்கே போனார்கள் என்று அப்போது எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

கோயம்புத்தூர்ப் பெண் என்னோடு வாதாடும்போது ஒரு பெயரைச் சொன்னாள், ஜக்மோகன் சந்திராணி. நிஷிகசாயில் இந்தியர்கள் இத்தனை பேர் இருப்பதற்கு அவரும் ஒரு காரணம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். 1970-களின் இறுதியிலிருந்து அங்கே இருக்கும் தேயிலை வணிகர். 2000-ஆம் ஆண்டு கணினிக் கோளாறைச் சமாளிக்க வந்து இறங்கிய நம் பொறியாளர்கள் வீடு கிடைக்காமல் தவித்தபோது, அவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுக்க அலைந்தவர். நல்ல மனசு இல்லாமல் இது நடந்திருக்குமா அக்கா என்று கேட்டாள். நடந்திருக்காது. அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் வேறு ஒரு ஊரில் அதே வருடம் வந்து இறங்கியவருக்கு அப்படி ஒருவர் இருந்தாரா? நாம் எங்கே போய் இறங்குகிறோம் என்பதைப் பொறுத்து வாழ்க்கை அமைவது எனக்குப் போதாது.

சட்டம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். வீட்டு வாடகையில் இனப் பாகுபாட்டைத் தனியாகத் தடை செய்யும் தேசியச் சட்டம் இங்கே இல்லை. வழக்குப் போட்டு ஜெயித்தவர்கள் உண்டு, 2007-ல் கியோட்டோ மாவட்ட நீதிமன்றம் ஜப்பானியக் குடியுரிமை இல்லை என்பதற்காக மறுத்த ஓனர் 11 லட்சம் யென் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் வீடு தேடுகிற நேரத்தில் யார் நீதிமன்றத்துக்குப் போவார்கள்? 2017-ல் வீட்டுப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி, முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் வெளிநாட்டவரையும் மறுக்க மாட்டோம் என்று ஓனர்கள் தங்கள் வீடுகளைப் பதிவு செய்யும் ஏற்பாடு வந்தது. நல்ல ஏற்பாடு, அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் பதிவு செய்வதா வேண்டாமா என்பது அவர்கள் விருப்பம்.

யூஆர் எல்லோருக்கும் பதில் என்று நான் சொல்லவில்லை. வாடகை மலிவு கிடையாது. அந்த அட்டவணையின் எண்ணுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கதவு திறக்காது, வாடகையைப் போல 100 மடங்கு சேமிப்பு இருந்தால் திறக்கும் என்கிறார்கள், வந்து இறங்குகிறவரிடம் அது எப்படி இருக்கும்? ஆனால் அங்கே என்னை மறுத்திருந்தால், எதனால் என்று எனக்குத் தெரிந்திருக்கும். எவ்வளவு குறைகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து, அடுத்த வருடம் மறுபடி போயிருப்பேன். போனில் மறுக்கப்பட்டவள் எதைச் சரிசெய்துகொண்டு மறுபடி போவாள்?

இந்த இலையுதிர் காலத்தில் ஒரு தென்னிந்திய உணவகத்தில் தோசை மாஸ்டராக வேலைக்கு வந்த மதுரைத் தம்பி ஒருவனோடு வீடு பார்க்கப் போனேன். சம்பளம் 2 லட்சத்துக்குக் கீழே. 62,500-க்குக் கீழான வாடகைக்கு, வாடகையைப் போல 4 மடங்கு சம்பளம் வேண்டும் என்பது யூஆர் கணக்கு, அந்தக் கணக்கில் கிடைக்கிற வீடெல்லாம் வெகு தூரத்தில் இருந்தன. உணவகம் இரவு 11 மணிக்கு மூடுகிறது, கடைசி ரயிலைப் பிடித்து அங்கே போய்ச் சேர முடியாது. அதனால் அவனோடு ஏஜெண்ட் கடையில்தான் உட்கார்ந்தேன், அதே போன், அதே தலைகுனிவு. கடைசியில் ஒரு ஓனர், ஜப்பானில் வேலை செய்யும் ஒருவர் அவசரத் தொடர்பாக இருந்தால் சரி என்றார். நான் என் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். "ரொம்ப நன்றிக்கா, உங்க பேரைக் கெடுக்க மாட்டேன்" என்று தம்பி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். என் பெயரைப் பற்றி நீ கவலைப்படவே கூடாது என்று அவனிடம் சொன்னேன். ஒப்பந்தம் 2 வருடம். புதுப்பிக்க மறுபடி ஒரு மாத வாடகை கேட்பார்கள். அதற்குள் அவன் சம்பளம் எவ்வளவு ஏறினால் பக்கத்திலேயே ஒரு யூஆர் வீட்டுக்குப் பெயர் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டு, அந்த எண்ணை அவன் போனில் குறித்து வைத்திருக்கிறோம்.